ஓசையில்லாத நிலநடுக்கம்

நிலநடுக்கம் என்றால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றே நினைக்கிறோம். வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்!

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் அடியில், கடல்தட்டு ஒன்று கண்டத்தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. அதனால் மேலுள்ள நிலம் வடகிழக்காகத் தள்ளப்படுகிறது. 1999-இல் அங்குள்ள ஏழு ஜி.பி.எஸ். நிலையங்கள் சில வாரங்கள் எதிர்த்திசையில் நகர்ந்தன. அதுவும் சில மில்லிமீட்டர்தான். ஆழத்தில் தட்டுகள் சுமார் 2 செ.மீ. வழுக்கியிருந்தன என்று ஹெர்ப் டிராகெர்ட் குழுவினர் 2001-இல் கணக்கிட்டார்கள். சட்டென்று நடந்திருந்தால் 6.7 அளவுள்ள நிலநடுக்கம்! இது ஏறக்குறைய 14 மாதத்துக்கு ஒருமுறை நடப்பதும் பிறகு தெரிந்தது. 2002-இல் ஜப்பானில் ஒபாரா, ஆழத்திலிருந்து வரும் ஒரு மெல்லிய முனகலைக் கண்டறிந்தார். வழுக்கலும் முனகலும் சேர்ந்தே வருவதை 2003-இல் கனடாக்காரர்கள் காட்டினார்கள்.

அழுத்தம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். ரயில்வேயில் தண்டவாளம் ஊர்வதை அளந்து பார்த்தவன் நான். ஓரிடத்தில் ஊர்ந்தால் இன்னோரிடத்தில் நெருக்கடி கூடும். அங்கும் அதே கதைதான். ஆழத்தில் வழுக்கும்போது, அதற்கு மேலே, கரையோரமாகப் பூட்டிக் கிடக்கும் பகுதியின் மீது சுமை ஏறுகிறது. அந்தப் பூட்டு கடைசியாக அறுந்தது 1700 ஜனவரி 26 அன்று. அளவு ஏறத்தாழ 9. சுனாமி ஜப்பான்வரை போனது.

2011 ஜப்பான் பேரழிவுக்கு முன்பும் மெதுவான வழுக்கல் நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை எதுவும் நேராமலே அடங்கிவிடுகின்றன. எது அடங்கும், எது அறுக்கும் என்று முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல இன்னும் வழியில்லை.