ஆனேக்கல் வட்டாரக் கல்வெட்டுகளைக் காப்பது யார்?

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறும் தமிழர், அத்திப்பள்ளி வந்ததும் கன்னட நாட்டில் கால் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் பேசும் மொழி, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணுக்கு வந்து கல்லிலே அமர்ந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தியாகும்.

அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி, சர்ஜாபுரம் ஆகிய ஊர்களெல்லாம் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தவை. இங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ஆனேக்கல் நகரம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுகடூர்ப் பாளையக்காரர் வழி வந்தவர்களால் கோட்டையும் ஏரியும் கட்டி எழுப்பப்பட்டது. இந்த வட்டாரத்துக் கிராமங்களின் கதையோ அதைவிடப் பழமையானது.

கல்லில் தமிழ் வந்த வழி

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் படை கங்கவாடியைக் கைப்பற்றியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அவர்கள் ஆட்சி நடந்தது. பின்னர் ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அவர்களை விரட்டினான். ஆட்சி மாறியபோதும் தமிழ் எழுத்து மாறிவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதியை ஆண்ட ஒய்சள ராமநாதன், திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூரிலும் பிறகு ஓசூருக்கு அருகிலுள்ள குந்தாணியிலும் இருந்து அரசு செலுத்தியவன். கன்னட மரபில் வந்த அந்த அரசன் காலத்திலும் இங்கே கோயில் தானங்கள் தமிழில் வெட்டப்பட்டன.

பெங்களூர் மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கின்றன. ராஜேந்திர சோழன் காலத்து 1043-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, காடுகோடிக்கு அருகே பட்டந்தூரில் ஏரி வெட்டியதைச் சொல்கிறது. அந்தப் பட்டந்தூர் ஏரியை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க அண்மை ஆண்டுகளில் அவ்வட்டார மக்கள் போராட வேண்டியிருந்தது. ஏரியை வெட்டியவனின் கல் நிற்கிறது, ஏரிக்குத்தான் ஆபத்து. வேறு பல ஊர்களில் ஏரியும் இல்லை, கல்லும் இல்லை.

ரைஸ் துரையின் தொண்டு

மைசூர் சமஸ்தானத்துத் தொல்பொருள் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த பி. எல். ரைஸ், இந்தக் கல்வெட்டுகளைத் திரட்டி 'எபிகிராபியா கர்னாடிகா' என்னும் வரிசையில் வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. ஆனேக்கல் தாலுகாவுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளையும் அவர் வேற்றுமை பாராமல் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்று கிராமம் கிராமமாகப் போனால், அதில் கண்ட எல்லாக் கற்களையும் பார்க்க முடியாது. சில கற்கள் சாக்கடை மூடியாயின. சில துணி துவைக்கும் கல்லாயின. வீடு கட்ட மண் தோண்டியபோதும் சாலையை அகலப்படுத்தியபோதும் உடைந்து போனவை உண்டு. யாரும் பகையினால் செய்ததில்லை. படிக்கத் தெரியாததால், வெறும் கல்லென்று நினைத்துச் செய்ததே அதிகம்.

மக்கள் எடுத்த முயற்சி

இந்த நிலையில் பெங்களூர் மக்கள் சிலர் தாமாகவே கிளம்பினார்கள். வேறு வேலை பார்ப்பவர்கள், விடுமுறை நாட்களில் கல்வெட்டுகளைத் தேடி அலைந்தார்கள். 2018-இல் ஹெப்பாளத்தில் ஏறத்தாழ கி.பி. 750-ஆம் ஆண்டைச் சேர்ந்த கங்கர் காலத்து நடுகல் வெளிப்பட்டது. பெங்களூர் வட்டாரத்தின் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. பொதுமக்களே பணம் சேர்த்து அதற்கு மண்டபம் அமைத்தனர்.

1909-இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணக் கருவியால் படம் பிடிக்கும் பணியை மேற்கொண்டது. கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எழுத்தையும் இந்த முறை புலப்படுத்துகிறது. பழைய வாசிப்பைத் திருத்தவும் வழி பிறக்கிறது. கல் நாளை உடைந்தாலும் வாசகம் அழியாது.

கன்னட அன்பர்கள் கன்னடக் கல்லை மட்டும் தேடவில்லை, தமிழ்க் கல்லையும் துடைத்துப் பதிவு செய்கிறார்கள் என்பது நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒன்று. அவர்களுக்குத் துணையாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

சுண்ணாம்பு வாளியும் மணல் பீச்சும்

இன்று பெரிய ஆபத்து கோயில் திருப்பணியின் உருவிலேயே வருகிறது. பக்தியினால் பணம் சேர்க்கிறார்கள். கல்லைப் 'புதிது போல' ஆக்க மணல் பீச்சுகிறார்கள். எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுவரில் பளபளக்கும் ஓடு பதிக்கிறார்கள். எண்ணூறு ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த எழுத்து ஒரே பகலில் மறைந்துபோகிறது.

பொம்மசந்திராவிலும் சந்தாபுரத்திலும் குடியிருக்கும் தமிழர்கள் கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுக்கத் தயங்குவதில்லை. ரசீது வாங்கும்போது, "கல்வெட்டு உள்ள சுவரைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை கமிட்டியாரிடம் சொல்லலாம். பணம் கொடுத்தவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

வேறு செய்யக்கூடியவையும் உண்டு. எழுத்துள்ள கல்லைக் கண்டால் இடம் பெயர்க்கக் கூடாது. ஆசிட், எண்ணெய், சாக்குக்கட்டி எதுவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் குறித்து, மிதிக் சொசைட்டிக்கோ அரசுத் தொல்பொருள் துறைக்கோ தெரிவிக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கன்னடத்திலேயே விளக்கிச் சொன்னால் அவர்களே காவலாகிவிடுவார்கள்.

இந்தக் கற்களை வைத்துக்கொண்டு இது யார் மண் என்று வழக்காட வேண்டியதில்லை. கங்கர் காலத்துக் கன்னடக் கல்லும் ஒய்சளர் காலத்துத் தமிழ்க் கல்லும் ஒரே வட்டாரத்தில் சண்டையின்றி நிற்கின்றன. இரண்டு மொழிக்காரரும் அடுத்தடுத்து வாழ்ந்ததற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பழைய தான சாசனங்கள் சந்திர சூரியர் உள்ளவரை இத்தருமம் நடக்கட்டும் என்று முடியும். அழித்தவனுக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்றும் எச்சரிக்கும். அதை வெட்டியவர்கள் பின்னால் வருகிறவர்கள் படிப்பார்கள் என்று நம்பினார்கள். ஆனேக்கல் பக்கம் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்தக் கோயில் சுவரருகே போய் நின்றால் போதும்.