போனா, டேப்லெட்டா? 20 ஆயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் ஆரம்பிப்பது இப்படித்தான்: "சார், இதுல 50 மெகாபிக்சல், அதுல 64." அடுத்து ரேம், அதற்கடுத்து பேட்டரி. ஆன்லைனில் வாங்கினாலும் இதே எண்கள்தான் வரிசை கட்டி நிற்கும். எந்த எண் பெரிசோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இரண்டே வருஷத்தில், "போன் ஹேங் ஆகுது", "பேங்க் செயலி திறக்க மாட்டேங்குது" என்று மறுபடியும் அதே கடை வாசலில் நிற்கிறோம்.

பல குடும்பங்களுக்கு இது மாசக்கணக்கில் இ.எம்.ஐ. கட்டும் செலவு. அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்களை விடுங்கள். முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். யாருக்கு, எந்த வேலைக்கு? இன்னும் எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?

போன் செய்வதை டேப்லெட் செய்யுமா?

திரையில் இருந்து தொடங்கலாம். 6.7 இன்ச் போனுக்கும் 11 இன்ச் டேப்லெட்டுக்கும் நாலு இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால், அந்த அளவு மூலைக்கு மூலை அளப்பது. பரப்பைக் கணக்கிட்டால் போன் திரை சுமார் 17 சதுர இன்ச், டேப்லெட் திரை சுமார் 54 சதுர இன்ச். அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஏ4 தாளில் தயாரித்த பாடக்குறிப்பை போனில் படிக்கும் பிள்ளை, ஒவ்வொரு வரியையும் விரலால் பெரிதாக்கி இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். டேப்லெட்டில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும்.

ஆனால் பணப் பரிவர்த்தனை என்று வந்தால் கதை மாறிவிடும். யு.பி.ஐ. செயலியைப் பதிவு செய்யும்போது, வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணிலிருந்து அந்தக் கருவியே ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பியாக வேண்டும். வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் சிம் போட இடமே கிடையாது. சிம் போடும் டேப்லெட்டிலும் எல்லாவற்றிலும் கால் பேச முடியாது. ஐபேடில் சிம் போட்டால் இன்டர்நெட் வரும், சாதாரண போன் கால் வராது. எனவே வீட்டில் அந்த ஆளுக்கு வேறு போனே இல்லை என்றால், டேப்லெட்டை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

பெட்டியில் இல்லாத எண்

அப்டேட் என்றால் புது ஐகான், புது வால்பேப்பர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முக்கியமானது பாதுகாப்பு அப்டேட். மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பது அதுதான். அது நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது, பூட்டு பழுதான வீட்டில் நகை வைப்பது மாதிரி.

கூகுள் 2023-ல் வெளியிட்ட பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷ அப்டேட் அறிவிக்கப்பட்டது. விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கும் சாம்சங் ஆறு வருஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆப்பிளில், 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் வெளியான ஐ.ஓ.எஸ். 18 வரை கிடைத்தது. 2019-ல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கும் ஐபேட் ஓ.எஸ். 18 வரை கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் இந்தக் காலம் இதைவிடக் குறைவு.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வருஷக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை, மாடல் அறிமுகமான நாளிலிருந்து தொடங்குகிறது. நாலு வருஷ வாக்குறுதியோடு வந்த போனை, இரண்டு வருஷம் கழித்து தீபாவளி சலுகையில் வாங்கினால் மிச்சம் இரண்டு வருஷம்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சலுகையில் 12 ஆயிரம் ரூபாய், மிச்சம் இரண்டு வருஷ அப்டேட்: வருஷத்துக்கு 6 ஆயிரம். புது மாடல் 18 ஆயிரம் ரூபாய், ஆறு வருஷ அப்டேட்: வருஷத்துக்கு 3 ஆயிரம். நடுவில் பேட்டரி மாற்ற 2 ஆயிரம் செலவானால்கூட வருஷத்துக்கு 3,350 ரூபாயைத் தாண்டாது. இப்போது சொல்லுங்கள், எது மலிவு?

எண்களை எப்படிப் படிப்பது?

மெகாபிக்சல்: 50 மெகாபிக்சல் கேமரா, வழக்கமாக நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 200 மெகாபிக்சல் கேமராவும் 16 பிக்சலைச் சேர்த்தால் அதே 12.5-தான். சென்சாரின் அளவும், படம் ஆடாமல் காக்கும் ஓ.ஐ.எஸ். வசதியும்தான் கவனிக்க வேண்டியவை.

ரேம்: "8 ப்ளஸ் 8, மொத்தம் 16 ஜி.பி." என்பார்கள். இரண்டாவது 8 நிஜமான ரேம் இல்லை. ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம். வேகம் குறைவு. முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஸ்டோரேஜ்: இ.எம்.எம்.சி. என்றால் மெதுவான வகை, யு.எஃப்.எஸ். என்றால் வேகமானது. மலிவான டேப்லெட்டுகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு 128 ஜி.பி.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

பிராசசர்: ஸ்னாப்டிராகன் 6 ஜென் 1-ஐவிட 4 ஜென் 2 பிறகு வந்தது, ஆனால் வேகத்தில் கீழே. முதல் எண் தரவரிசை, ஜென் என்பது தலைமுறை.

பேட்டரி: டேப்லெட்டில் 7,000 எம்.ஏ.எச்., போனில் 5,000 என்று நேரடியாக ஒப்பிடக் கூடாது. மூன்று மடங்கு திரைக்கும் அதே பேட்டரிதான் மின்சாரம் தர வேண்டும்.

படம் பார்க்க டேப்லெட் வாங்குபவர்கள் 'வைட்வைன் எல்1' இருக்கிறதா என்று கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் எச்.டி. தரம் வராது, திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

பழைய போன் வாங்குகிறீர்களா?

*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலும் பார்க்கலாம். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

அப்போ, யாருக்கு எது?

கையில் ஏற்கெனவே ஒரு சுமாரான போன் இருக்கும் மாணவருக்கு டேப்லெட். கடை வைத்திருப்பவர், டெலிவரி வேலை பார்ப்பவர் என்றால் அதிக வருஷம் அப்டேட் வரும் போன். வீடியோ கால் மட்டும் பேசும் தாத்தா பாட்டிக்கு, வீட்டில் வைஃபை இருந்தால் டேப்லெட்டின் பெரிய திரை கண்ணுக்குச் சௌகரியம். இருக்கிற போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறது, சார்ஜ் மட்டும் நிற்கவில்லை என்றால், புது போனே தேவையில்லை. சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றினால் போதும்.

கடைக்குப் போனால், "எந்த மாசம் ரிலீஸ் ஆன மாடல், எந்த வருஷம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட்?" என்று கேளுங்கள். விற்பனையாளர் சொல்வதோடு விடாமல், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.