இரட்டைப் படிக்கல்

கடைவீதியில் வணிகனொருவன் இரண்டு படிக்கற்களை வைத்திருக்கின்றானென்று கொள்வோம். அளவுகளைச் சோதிக்கும் உத்தியோகஸ்தர் வரும்பொழுது செம்மையான கல் தராசில் ஏறும். அவர் தலை மறைந்தவுடன் எடை குறைந்த கல் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய வஞ்சகத்தை வேதாகமமும் கண்டிக்கின்றது. நம் முன்னோரும் இழித்துரைத்தனர். அதே வஞ்சகத்தைக் கல்லின்றி, கணித வன்மையாலும் யந்திர நுட்பத்தாலும் செய்யக்கூடுமென்பதை 2015-ம் ஆண்டில் உலகம் அறிந்துகொண்டது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டீஸல் யந்திரமாவது, காற்றை மிக அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டினாலேயே எண்ணெயைப் பற்றி எரியச் செய்வது. எண்ணெய்ச் சிக்கனம் இதன் சிறப்பு. ஆயினும், அக்கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி, நைட்ரஜன் ஆக்ஸைடுகளென்னும் வாயுக்களாக மாறுகின்றன. இவை சுவாசப்பைகளைப் புண்படுத்துவன. ஆஸ்துமா நோயினரை வருத்துவன. சூரிய ஒளியில் வேறு ஆவிகளோடு கலந்து, மூச்சுக்குத் தீங்கான ஓஸோனைத் தரைமட்டத்திற் பிறப்பிப்பன. இவற்றை அடக்க வழிகள் இல்லாமலில்லை. புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் யந்திரத்துட் செலுத்தலாம். வாயுக்களை ஒரு கலத்திற் பிடித்துவைத்து, சிறிது எண்ணெயை அதிகமாகச் செலவிட்டு அவ்வப்போது தீங்கற்றவையாக மாற்றலாம். யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கலாம். ஆனால், இவை ஒவ்வொன்றிற்கும் பணமாகவோ எண்ணெயாகவோ உறுப்புகளின் தேய்மானமாகவோ ஒரு விலை கொடுத்தே தீரவேண்டும்.

ஜெர்மனி தேசத்து வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் தம் டீஸல் வண்டிகளைத் தூய்மையானவை என்று விளம்பரஞ் செய்து அமெரிக்காவில் விற்கத் துணிந்தனர். மேற்கூறிய விலையைக் கொடுக்கவோ அவர்கட்கு மனமில்லை. ஆகவே வேறோர் உபாயம் தேடினர். சர்க்கார் பரீக்ஷையில் வண்டி உருளைகளின்மேல் நிறுத்தப்பட்டு ஓடும். எக்கணத்தில் எவ்வேகம் என்பது முன்னரே வகுக்கப்பட்டது. சக்கரங்கள் சுழலுமேயன்றி, திசைதிருப்பும் வளையம் அசையாது. இக்குறிகளைக் கண்டு, தான் சோதிக்கப்படுவதை வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் உணர்ந்துகொள்ளும். உடனே தூய்மைக் கருவிகளெல்லாம் முழு வன்மையோடு தொழில் செய்யும். வண்டி வீதிக்கு வந்ததும் அவை தளர்ந்துவிடும்.

இதை வெளிப்படுத்தியவர் ஒற்றர் அல்லர், ஒரு கலாசாலையார். மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் டேனியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம் முதலியோர் அடங்கிய சிறு குழுவினர், 2013-ம் ஆண்டில் அளவுக்கருவிகளை வண்டியின் பின்புறத்தே ஏற்றி, கலிபோர்னியா வீதிகளிலே ஓட்டிப் பார்த்தனர். இக்கம்பெனியின் வண்டிகளில் ஒன்று சட்டம் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கும், மற்றொன்று 5 முதல் 20 மடங்கும் வாயுவைக் கக்கின. வேறொரு கம்பெனியின் வண்டியோ பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. எனவே, நேர்மையாய்ச் செய்வது இயலாத காரியமன்று என்பதும் அச்சோதனையிலேயே விளங்கிற்று.

கம்பெனியார் ஓராண்டுக்கு மேலாகச் சமாதானங்கள் கூறி வந்தனர். 2016-ம் ஆண்டு வண்டிகளுக்கு அனுமதி கிட்டாதென்று அதிகாரிகள் உறுதியாய் நின்ற பின்னரே உண்மையை ஒப்புக்கொண்டனர். 2015 செப்டம்பர் 18-ந் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா இதனைப் பிரசித்தஞ் செய்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லக்ஷம் வண்டிகளில் இவ்வேற்பாடு இருந்ததாகக் கம்பெனியாரே தெரிவித்தனர்.

விளைவுகள் பல. தலைவர் மார்ட்டின் விண்டர்கார்ன் ஒரு வாரத்துக்குள் பதவி துறந்தார். 2017-ம் ஆண்டில் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று, 430 கோடி டாலர் அபராதத்துக்கு இசைந்தது. அபராதம், நஷ்டஈடு முதலியவற்றின் மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவையும் கடந்தது. ஓர் எஞ்ஜினீயருக்கு 40 மாதமும், ஒரு மேலாளருக்கு 7 வருஷமும் அமெரிக்காவில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. ஐரோப்பாவிலோ, 2017 செப்டம்பர் முதல் புதுவகை வண்டிகளை வீதியிலும் ஓட்டிச் சோதிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால், காற்றிற் கலந்த நஞ்சைத் திரும்ப அள்ளியெடுப்பவர் யார்? அதனைச் சுவாசித்த குழந்தைகள் எந்த வண்டியையும் விலைக்கு வாங்கியவர் அல்லரே!

மாணவ நண்பர்காள்! அந்தக் கள்ளக் கணக்கை எழுதியவர் கல்லாதவர் அல்லர். நம்மைப்போற் கலாசாலைகளிற் பயின்று பட்டம் பெற்றவரே. அவர்களுடைய வீழ்ச்சி எங்கே தொடங்கிற்றென்று நாம் அறியோம். ஆயினும், நம்முடைய வீழ்ச்சி எங்கே தொடங்கக்கூடும் என்பதை அறிவோம். ரஸாயன சாலையில் தராசு காட்டிய எண்ணை விடுத்து, ஆசிரியர் எதிர்பார்க்கும் எண்ணைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும் அன்றே இரண்டாவது படிக்கல் நம் பையில் விழுந்துவிடுகின்றது. பரீக்ஷகர் காணும்போது ஒருவராகவும், காணாதபோது மற்றொருவராகவும் வாழாதிருத்தலே கல்வியின் பயன். அப்பயனை இக்கலாசாலையில் இருக்கும்போதே நாம் அடைவோமாக.