யோசனையும் நடையும் ஒண்ணா மெதுவாகுறது ஏன்?

எங்க பெரியப்பாவுக்கு எல்லார் பேரும் ஞாபகம் இருக்கு. பேரன் பிறந்த தேதியைக்கூட சொல்லிடுவார். ஆனா பேங்க் ஃபார்ம் நிரப்புற மாதிரி நாலு படி இருக்கிற வேலைன்னா நடுவுல நின்னுடுறார். கேள்வி கேட்டா சரியான பதில்தான் வரும், லேட்டா வரும். நடையும் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல 'சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு'ன்னு ஒரு வரி இருந்தது. "வயசானா அப்படித்தான்"னு சொல்லி வீட்ல ஃபைலை பீரோவுக்குள்ள வெச்சுட்டாங்க. இன்னிக்கு எபிசோட் அந்த ஒரு வரியைப் பத்தி.

மூளைக்குள்ள ஆழமாப் போற ரத்தக்குழாய்கள் ரொம்ப மெல்லிசு. பல வருஷம் பி.பி. கூடவே இருந்தா அதோட சுவர் தடிச்சு, உள்வழி குறுகிடும். ஸ்கேன்ல வெள்ளைத் திட்டுகள், லாகூன்னு சொல்ற குட்டிக் குழிகள், நுண்ணிய ரத்தக்கசிவுகள் எல்லாம் தெரியும். அடிபடுறதுல பெரும்பகுதி மூளையோட ஒயரிங். அதாவது ஒரு பகுதியை இன்னொரு பகுதியோட இணைக்கிற நரம்பிழைகள்.

சிறுமூளை இங்கதான் வருது. பள்ளிக்கூடத்துல 'சமநிலை, உடல் அசைவு'ன்னு ரெண்டு வார்த்தை எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அதே சிறுமூளைதான். அளவுல மூளையில் சுமார் 10 சதவீதம். ஆனா மொத்த நியூரான்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் அதுக்குள்ள இருக்கு. வெறும் நடைக்கு இவ்வளவு எதுக்கு?

1998-ல ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் ரெண்டு பேரும் சிறுமூளையில் மட்டும் பாதிப்பு இருந்த 20 நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. திட்டமிடுறது, வார்த்தையைத் தேடி எடுக்கிறது, இடத்தைக் கணிக்கிறது, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துறது எல்லாத்துலயும் சிக்கல். கை ஒரு டம்ளரை எடுக்கப் போய்த் தாண்டிப்போற மாதிரி, யோசனையும் குறி தவறுதுங்கிறது ஷ்மாமனோட கருத்து.

பெருமூளையோட முன்பகுதிதான் திட்டம் போடுற இடம். அங்கிருந்து வர்ற தகவல் போன்ஸ் வழியா சிறுமூளைக்குப் போகுது. திருத்தம் தலாமஸ் வழியாத் திரும்பி வருது. சின்ன ரத்தக்குழாய் நோயில் லாகூன் அடிக்கடி விழற இடங்கள்ல இந்த ரெண்டும் உண்டு, போன்ஸும் தலாமஸும். நம்ம பாஷையில சொன்னா ரெண்டு சர்வரும் ஓடிட்டுத்தான் இருக்கு, நடுவுல கேபிள் அறுந்திருக்கு. சிஸ்டம் கிராஷ் ஆகாது, லேட்டன்சி ஏறும்.

இந்த உவமையில ஒரு ஓட்டை இருக்கு. சர்வர் லிங்க் போனாலும் சும்மா இருக்கும், மூளை அப்படி இருக்காது. 1980-ல பாரோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பெட் ஸ்கேன்ல இதைக் காட்டினார். பெருமூளையில் ஒரு பக்கம் பக்கவாதம் வந்தா, எதிர்ப்பக்கச் சிறுமூளையில் ரத்த ஓட்டம் குறையுது. அங்க அடியே படல! தகவல் வர்றது நின்னதால அது அடங்கிப்போச்சு.

அதனாலதான் பெரியப்பாவோட நடையையும் யோசனையையும் தனித்தனியாப் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். வீட்ல நடைக்கு முட்டிவலின்னு பேர் வெச்சாச்சு, யோசனைக்கு வயசுன்னு பேர் வெச்சாச்சு. மறதியை மட்டும் கேட்கிற டெஸ்ட்ல இந்த மாதிரி ஆட்கள் நல்ல மார்க்கே வாங்கிடுவாங்க. வேகத்தையும் திட்டமிடுறதையும் சோதிக்கச் சொல்லணும்.

அறுந்த இழையை ஒட்டவைக்க மருந்து இல்ல. ஆனா அடுத்தது அறுறதைத் தள்ளிப்போட முடியும். அமெரிக்காவுல 9,361 பேரை வெச்சு நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வோட மூளை சம்பந்தப்பட்ட முடிவுகள் 2019-ல வந்தது. மேல் பி.பி.யை 140-க்குக் கீழன்னு இல்லாம 120-க்குக் கீழ கொண்டுவரப் பார்த்த குழுவுல, லேசான அறிவுத்திறன் குறைவு கிட்டத்தட்ட 19 சதவீதம் கம்மி. டிமென்ஷியாவுல மட்டும் உறுதியாச் சொல்ற அளவு வித்தியாசம் இல்ல. இதைக் கேட்டுட்டு மாத்திரையை நீங்களே கூட்டிடாதீங்க, வயசானவங்களுக்கு பி.பி. ரொம்ப இறங்கினா தலைசுத்தி விழுவாங்க. எவ்வளவுங்கிறதை டாக்டர் சொல்லணும்.

பெரியப்பா ஃபைல் இப்போ பீரோவை விட்டு வெளிய வந்தாச்சு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பி.பி. எழுத ஒரு நோட்டும் போட்டாச்சு. வர்ற வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்.