உஷார்! தோள் வலிக்கிற பையனிடம் பந்தைக் கொடுக்காதீர்கள்

தேவர்சோலை, கூடலூர் பக்கத்துப் பெற்றோர்களே, டீம் கேப்டன்களே, உஷார்! மழை விட்டுக் கிரவுண்ட் காய்ந்ததும் டோர்னமெண்ட் ஆரம்பித்துவிடும். நன்றாக வீசுகிற பையனை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு டீம்கள் இழுக்கும். சாயங்காலம் அவனே வாலிபால் நெட் முன்னாலும் நிற்பான். தோளைப் பிடித்துக்கொண்டால், "சுளுக்குதான் தம்பி, ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு இன்னும் ஒரு ஓவர் போடு" என்பார்கள். இந்தப் பேச்சுதான் ஆபத்து!

தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள்தான் கை எலும்பின் தலையைக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. தலைக்கு மேல் கையை ஓங்கி ஓங்கி வீசினால், ஸ்மாஷ் அடித்தால், மேல் நாண் எலும்புக்கு அடியில் உரசி வீங்கும். ஓய்வு கொடுக்காவிட்டால் நைந்து கிழியும்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. கை எலும்பின் மேல்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு இன்னும் முற்றியிருக்காது. பல நேரம் நாணுக்கு முன்னால் அதுதான் அடிபடும். சீக்கிரம் கண்டுபிடித்து மூன்று மாதம் போல வீசாமல் இருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும்.

தோள் காயம் பெரிய ஆட்டக்காரரையும் விடாது. 2020-ல் ஆஸ்திரேலியத் தொடருக்கான இந்திய டி20 அணியில் இடம்பிடித்த நம் வருண் சக்கரவர்த்தி, தோள் காயத்தால் விலக நேர்ந்தது. அந்த இடம் நடராஜனுக்குப் போனது. வருண் இந்தியாவுக்காக முதல் மேட்ச் ஆட 2021 ஜூலை ஆனது. அவரைக் கவனிக்க பிசியோ இருந்தார். எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது. நாமும் எண்ணலாமே! நெட் பிராக்டிஸ், பவுண்டரியிலிருந்து எறியும் த்ரோ எல்லாமே கணக்கில் சேரும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆட்டத்தை நிறுத்துங்கள்:

• தலை வாரக் கை தூக்கும்போது வலி
• அந்தப் பக்கம் படுத்தால் ராத்திரி தூக்கம் கெடுவது
• த்ரோவின் வேகமும் தூரமும் குறைவது
• மேட்ச் முடிந்த மறுநாளும் வலி நீடிப்பது

மூட்டு நழுவினால் யாரும் இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். கையைத் துணியால் தொங்கவிட்டுக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம். மாத்திரையும் ஸ்ப்ரேயும் வலியை மறைக்குமே தவிர, கிழிந்ததை ஒட்டாது.

கூடலூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஊட்டிக்குப் போகச் சொன்னால், ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை, ஃபைனலே ஆனாலும் அவன் பெஞ்சில்தான்!