கம்பு சுழலுமுன்

நுழையும்முன்

வீரக்கலை ஒன்றைக் கற்பது வேறு. கற்றதை நடுவர்முன் நின்று காட்டுவது வேறு. மலையடிவார ஊர்களின் திருவிழாக்களில் கண்டு மகிழ்ந்த சிலம்பம், இன்று மதிப்பெண்ணும் சான்றிதழும் பெற்றுத்தரும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. அத்தகைய திறன்தேர்வுக்கு ஒரு மாணவர் எவ்வாறு ஆயத்தமாகிறார் என்பதைக் கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் பிள்ளைகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

மலையின் பெயர் கொண்ட கலை

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரும் காலைப் பேருந்தில், போட்டி நாள்களில் ஒரு காட்சியைக் காணலாம். இருக்கைகளுக்கு அடியில், நடைவழியின் ஓரமாக, துணியில் சுற்றிய நீண்ட கட்டு ஒன்று கிடக்கும். கோமுகி அணையைக் கடந்து சமவெளியை அடையும்வரை, ஏறுவோரும் இறங்குவோரும் அதனைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். முணுமுணுப்போர் சிலர், 'என்ன இது, மீன்பிடிக்கவா?' எனக் கேட்போர் சிலர். கட்டுக்குள் இருப்பவை சிலம்பக் கம்புகள்.

சிலம்பு என்னும் சொல்லுக்கு ஒலி என்றும் மலை என்றும் பொருளுண்டு. காற்றைக் கிழித்துச் சுழலும் கம்பின் ஓசையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். குறிஞ்சி நிலத் தலைவனைச் சங்கப் புலவர்கள் சிலம்பன் என அழைத்தனர். எனவே மலையோடும் இச்சொல்லுக்கு உறவு உண்டு. மலைவாழ் மக்களுக்குக் கம்பு புதிதன்று. ஆடு மேய்க்கவும் புளி உலுக்கவும் இருளில் வழி நடக்கவும் அதுவே துணை. சாமையும் மரவள்ளியும் விளையும் அம்மலைச் சரிவுகளில் வளரும் பிள்ளைகளின் கைக்குக் கம்பின் எடை ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆனால் கைப்பழக்கம் மட்டும் தேர்வுக்குப் போதாது.

கம்பைத் தேர்தல்

ஆயத்தம் கம்பிலிருந்து தொடங்குகிறது. தரையில் ஊன்றி நிறுத்தினால் ஆடுபவரின் நெற்றியளவு உயர்ந்து நிற்பதே நெடுங்கம்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வளரும் வயதில் இது ஆண்டுதோறும் மாறும். ஒன்பதாம் வகுப்பில் பொருந்திய கம்பு, பதினோராம் வகுப்பில் தோளோடு நின்றுவிடும். அண்ணனின் கம்பைத் தம்பி எடுத்துவந்து தேர்வில் தடுமாறுவது பலமுறை நிகழ்வது.

கல்மூங்கில் எனப்படும் கெட்டி மூங்கில் வலிமையுடையது, உள்ளீடு நிறைந்தது, அதனால் எடை மிகுந்தது. பிரம்பு வளைந்து கொடுக்கும். அடிபட்டாலும் எளிதில் சிம்பாகப் பிளவாது. தனித்திறன் வீச்சுக்கு ஒன்றையும், எதிராளியோடு மோதும் போட்டிக்கு இலேசான மற்றொன்றையும் கொள்வதே வழக்கம். பச்சை மூங்கிலை வெட்டிய உடனே சுழற்றக் கூடாது. நிழலில் உலர்த்தி, வளைவு உள்ள இடத்தை அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்த வேண்டும். கணுக்களைச் சீவி வழவழப்பாக்காத கம்பு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். மழைக்காலத்தில் மூங்கில் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும்; மலையில் வைத்திருந்தபோது ஒருவகையாகவும், சமவெளி வெயிலில் வேறுவகையாகவும் அது கையில் உணரப்படும். வண்ணத்தாள் ஒட்டிய புதுக்கம்பைத் தேர்வன்று காலையில் வாங்கித் தரும் பெற்றோரின் அன்பு மெச்சத்தக்கது. அக்கம்பை அன்று வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

கைக்கு முன் கால்

காண்போர் கண்கள் கம்பின் நுனியை நோக்கும். ஆசானின் கண்கள் காலை நோக்கும். மரபான பயிற்சிக்கூடங்களில் முதலில் கற்பிக்கப்படுவது காலடியே. முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் பெயர்தல், திரும்புதல் ஆகியவற்றைக் கம்பு இல்லாமலே நாள்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். பொறுமையற்ற மாணவர்கள் இக்கட்டத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

காலடி ஏன் இவ்வளவு இன்றியமையாதது? சிறிய கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். கம்பின் நீளம் 160 செ.மீ. எனக் கொள்க. நடுவில் பிடித்து நொடிக்கு இருமுறை சுழற்றினால், நுனி மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே கம்பைச் சற்றுக் கீழே பிடித்து, முன்பகுதி 110 செ.மீ. நீளுமாறு அதே விரைவில் சுழற்றினால், நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகிறது. பிடி மாறியது, கையின் விரைவு மாறவில்லை, நுனியோ ஓர் ஊர்தியின் வேகத்தை எட்டிவிட்டது. அவ்வளவு விரைந்து செல்லும் ஒன்றைத் திசைமாற்றும்போது அதன் இழுப்பைத் தாங்குவது மணிக்கட்டு மட்டுமன்று. இடுப்பும் முழங்காலும் பாதமுமே. பாதம் தவறான இடத்தில் இருந்தால், கம்பு ஆடுபவரின் முழங்காலையே தேடி வரும்.

ஆகவே தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்குவோர், முதல் சில வாரங்களைக் காலடிக்கும் மெதுவான வீச்சுக்கும் ஒதுக்குவர். வலக்கைக்கு ஈடாக இடக்கையும் பழக வேண்டும். கையின் சோர்வை உணர்ந்த பின்னும் பாடம் பிசகாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதே பயிற்சியின் பிற்பகுதி. மலைக் காலையின் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும். உடலைச் சூடேற்றாமல் விரைவு வீச்சில் இறங்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

தேர்வு எப்படி நடக்கிறது?

பழைய முறையில் தேர்வுக்கு நாள் குறிக்கப்படுவதில்லை. ஒரு மாலையில் ஆசான், 'நீ ஆடு' என்பார். ஆடி முடித்ததும் அடுத்த பாடத்தைத் தொடங்கினால் தேறியாயிற்று; பழைய பாடத்தையே மறுநாளும் சொன்னால் இல்லை. அவ்வளவே. நிலைகளுக்குப் பெயரும் இடுப்புப் பட்டையும் தரும் முறை சப்பானின் சூடோ வழியாகப் பரவியது. ஜிகோரோ கானோ 1883-இல் தம் மாணவர் இருவர்க்கு முதல் தரநிலை வழங்கினார். பின்னர்க் கராத்தே அம்முறையை ஏற்றது. இன்று சிலம்பக் கழகங்கள் சிலவும் படிநிலைத் தேர்வுகளை நடத்துகின்றன. இதனால் பயன் உண்டு. மாணவர் தம் நிலையை அறிகிறார். ஆனால் பட்டையின் நிறத்தை நோக்கியே ஓடுவோர் பாடத்தைப் பாதியில் விடுவதும் உண்டு என்பதை ஆசிரியர் என்ற முறையில் சொல்லத்தான் வேண்டும்.

போட்டிகளில் இருவகைத் திறன் மதிப்பிடப்படுகிறது. தனித்திறனில் ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, மான்கொம்பு முதலியவற்றின் வீச்சு இடம்பெறும். வேகம், தெளிவு, காலடி, உடல்நிலை, பாடத்தின் தொடர்ச்சி ஆகியவற்றை நடுவர்கள் காண்பர். கம்பு கைநழுவினால் புள்ளி குறையும். தொடுமுறைப் போட்டியில் இருவர் எதிரெதிர் நிற்பர். விதி இசையும் இடத்தில் எதிராளியைக் கம்பால் தொட்டால் புள்ளி. இங்கு அடியின் வலிமைக்கு மதிப்பில்லை. தொட்டுத் தன்னைத் தொடவிடாமல் விலகுவதற்கே மதிப்பு. அலங்கார வீச்சில் கைதட்டல் பெற்ற பலர், தொடுமுறையில் முதல் நிமிடத்திலேயே தோற்பதுண்டு. இரண்டையும் பயில்பவரே முழுச் சிலம்பர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இத்தேர்வுகளின் பொருள் இப்போது பெரிது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழ்நாடு அரசு 2021-இல் சேர்த்தது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் சென்றுவிட, உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மலைப்பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் எத்தகையது என்பதைச் சமவெளியில் இருப்போர் எளிதில் உணர்வதில்லை.

தரையும் வியர்வையும்

சில ஆண்டுகளுக்கு முன், மலையூர் மாணவி ஒருவரை மாவட்டப் போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பதினோராம் வகுப்பு. அவருடைய இரட்டைக்கம்பு வீச்சில் குறைகாண எனக்குத் தெரியவில்லை. உடன் வந்த ஆசானுக்கும் தெரியவில்லை. வணக்க வரிசையை நிதானமாக முடித்தார். வீச்சின் நடுவே திரும்பும்போது பாதம் வழுக்கியது. இடக்கைக் கம்பு பறந்து கயிற்றுக்கு வெளியே விழுந்தது. ஓடிச்சென்று எடுத்துவந்து, விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தார். பரிசு கிடைக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் பேச்சில்லை. கோமுகி அணை தெரிந்தபோதுதான் அவர் வாய்திறந்தார்: 'ஐயா, அந்தத் தரை வழவழன்னு இருந்துச்சு. நான் மண்ணுலதானே ஆடியிருக்கேன். கையும் வேர்த்துருச்சு.' காரணம் முழுவதும் அவ்விரு குறைகளில் இருந்தது. செம்மண் பாதத்தைப் பற்றிக்கொள்ளும். மெழுகிய தரை பற்றாது. மலைக் குளிரில் வியர்க்காத உள்ளங்கை, கள்ளக்குறிச்சி வெயிலில் வியர்த்தது. பாடத்தை ஆயத்தம் செய்த நாங்கள், இடத்தை ஆயத்தம் செய்யவில்லை. பிழை மாணவியுடையதன்று; எங்களுடையது.

மறுவாரம் அவர் விடுதித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரையைக் கழுவி, ஈரம் காயுமுன் வெறுங்காலுடன் நின்றார். அருகில் ஒரு குவளைத் தண்ணீர். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் உள்ளங்கைகளை அதில் நனைத்துக்கொண்டார். முதல் மாலையில் கம்பு பதினொருமுறை விழுந்தது. எண்ணிச் சொன்னவரும் அவரே.