படிப்பு எட்டியது, வேலை எட்டலையே!



"பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று நம் உறுப்பினர்கள் மகளின் காலேஜ் ஃபீசுக்காகவும் குழுவில் கடன் வாங்குகிறார்கள். ஆனால் படித்து முடித்த மகள்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்களா? இல்லையே! இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல, உலகம் முழுவதும் இருக்கிறது.

உலகப் பொருளாதார மன்றம் என்ற அமைப்பு ஆண், பெண் இடைவெளியை வருடாவருடம் கணக்கெடுக்கிறது. 2024-ல் 146 நாடுகளில் எடுத்த கணக்குப்படி, படிப்பில் இருந்த இடைவெளியில் 100-க்கு 95 பங்கு அடைபட்டுவிட்டது. வேலை, வருமானத்தில் 60 பங்குதான் அடைபட்டிருக்கிறது.

பக்கத்து நாடான இலங்கையையே எடுத்துக்கொள்வோம். அங்கே பள்ளிக்கூடம் முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் வேலைக்கு வருகிறார். ஆண்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் வருகிறார்கள். வேலைக்கு வராத பெண்களில் அதிகம் பேர் சொல்லும் காரணம், வீட்டுப் பொறுப்பு.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2019-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், அதாவது சுமார் 5 மணி நேரம் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களே 100-க்கு 26 பேர்தான்! இந்த 5 மணி நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

இதை மாற்ற முடியுமா? ஐஸ்லாந்து என்ற குட்டி நாட்டில் 1975 அக்டோபர் 24 அன்று 100-க்கு 90 பெண்கள் ஒருநாள் வேலையை நிறுத்தினார்கள். ஆபீஸ் வேலை மட்டுமல்ல, சமையலும் குழந்தை வளர்ப்பும்கூட! அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். மறு வருடமே சம உரிமைச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் என்ற பெண்மணி தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். 2000-ல் வந்த சட்டம், குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் தனியாக 3 மாத லீவு கொடுத்தது. அதை அவர் எடுக்காவிட்டால் மனைவிக்கு மாற்ற முடியாது என்று அந்தச் சட்டம் அப்போது சொன்னது. 2009 முதல் மன்றத்தின் பட்டியலில் ஐஸ்லாந்துதான் முதலிடம். அங்கேயும் சம்பள வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. அதற்காக 2023-லும் பெண்கள் ஒருநாள் வேலையை நிறுத்தினார்கள்.

சகோதரிகளே, மகளைப் படிக்க வைத்தால் மட்டும் போதாது. வீட்டுப் பாரத்தையும் பங்கு போட வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் காலை எழுந்தது முதல் படுக்கும் வரை செய்யும் வேலைகளைச் சொல்லுங்கள். அதில் வீட்டுக்காரரும் மகனும் எதைச் செய்யலாம் என்று பேசுங்கள். மகள் கையில் புத்தகம் கொடுத்த நாம், மகன் கையில் துடைப்பமும் கொடுப்போம்!